மரக்காணத்து உப்பளத்துக்கு ஒரு செயலி: கோடிங் தெரியாத டிசைனர் எதுவரை போகலாம்?

மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களுக்கென்று ஒரு செயலி செய்துதரச் சொல்லி ஒரு மென்பொருள் நிறுவனத்தை அணுகினால், பேச்சு பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். எத்தனை பேர் பயன்படுத்துவார்கள்? சில ஆயிரம் பேர். அவர்களுக்கும் ஆண்டு முழுக்க வேலை கிடையாது. ஜனவரி வாக்கில் பாத்தி திருத்தத் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை வரும்வரைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்திகள் மழைநீரில் மூழ்கிக் கிடக்கும். அந்த மூன்று மாதத்துக்காகத்தான் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த ஐயாயிரத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்திடம் மாதச் சந்தா கேட்க முடியாது. விளம்பரம் காட்டிச் சம்பாதிக்கவும் வழியில்லை. ஒரு செயலிக்கு நிரல் எழுத இருவர், சோதிக்க ஒருவர், பிறகு வருடக்கணக்கில் பராமரிப்பு என்று செலவைக் கூட்டினால் எந்த நிறுவனமும் கையை விரிக்கத்தான் செய்யும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கணக்கு அப்படி.

இந்தக் கணக்குதான் இப்போது மாறியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கார்ப்பதி தன் எக்ஸ் பக்கத்தில் ‘வைப் கோடிங்’ என்ற பெயரைப் போட்டார். ஏஐயிடம் வேண்டியதைச் சொல்லி, அது எழுதும் நிரலைப் படித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே ஏற்றுக்கொண்டு போவதற்கு அவர் வைத்த பெயர் அது. அதற்கு முன்பே வெர்சல் நிறுவனத்தின் வி0, போல்ட், ரெப்ளிட் ஏஜென்ட், ஸ்வீடனின் லவபிள் போன்ற கருவிகள் வந்துவிட்டன. அதே ஆண்டு மே மாதம், டிசைனர்கள் நாள் முழுக்கப் புழங்கும் ஃபிக்மாவே ‘ஃபிக்மா மேக்’ கருவியை அறிவித்தது. திரையை வரைந்து டெவலப்பரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒருவர், இன்று அதே திரையை ஏஐயிடம் கொடுத்து, தொட்டால் வேலை செய்யும் ஒன்றைச் சில நிமிடங்களில் வாங்கிவிடலாம். மரக்காணத்துக்குத் தெற்கே ஆரோவில்லிலும் புதுச்சேரியிலும், வடக்கே சென்னையிலும் டிசைனர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் ஒருவர் இந்தக் கடற்கரைக்காக எதையாவது செய்ய நினைத்தால், நிரல் எழுதத் தெரியாது என்பது இனி தடையாக இருக்காது.

இந்தக் கருவிகளைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் புகழ்கிறார்கள். ஒரு வாரத்து வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது என்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. ஏற்கெனவே பத்துச் செயலிகள் இருக்கும் துறையில் பதினோராவது வேகமாக வந்து யாருக்கு என்ன லாபம்? சந்தை என்று சொல்லவே முடியாத அளவுக்குச் சின்னதான ஒரு கூட்டத்துக்கும் மென்பொருள் செய்ய முடிகிறதே, அதைத்தான் பெரிய லாபமாக நினைக்கிறேன். அந்த லாபம் கைக்கு வர வேண்டுமானால், செயலியும் அந்தக் கூட்டத்தின் அளவுக்கே சின்னதாக இருந்தாக வேண்டும். கோடிங் தெரியாத டிசைனர், தனக்கு முகம் தெரிந்த நாற்பது ஐம்பது பேருக்காக, மிகக் குறைந்த தகவலை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு வேலையைச் செய்யும் செயலியைக் கட்டலாம், கட்டவும் வேண்டும். அந்த எல்லையைத் தாண்டும் நாளில் நிரல் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தாக வேண்டும். இதுதான் என் கட்சி. இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானவை பல இருக்கின்றன, அவற்றுக்கும் வருகிறேன்.

முதலில், ஏன் டிசைனர்? உப்பளத்தில் நடக்கும் வேலையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். அதைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் காயவிட்டால் முதலில் ஜிப்சம் பிரிந்து அடியில் தங்கும். 25 டிகிரி வாக்கில் உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30ஐத் தாண்டவிட்டால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படிந்து, உப்பு கசக்கும், ஈரம் கோத்துக்கொள்ளும். ஆக எப்போது நீர் பாய்ச்சுவது, எப்போது வாருவது, எப்போது மிச்ச நீரை வெளியேற்றுவது என்பதெல்லாம் ஒரு குறுகிய இடைவெளிக்குள் எடுக்க வேண்டிய முடிவுகள். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் பாத்தியில் விளைந்தது கரைந்துபோகும். இதையெல்லாம் செய்கிறவர்கள், அவர்களில் பெண்கள் ஏராளம், உப்பின் மேல் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கூச நிற்கிறார்கள். விரலில் உப்புநீர் ஊறியிருக்கும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஈரவிரலை வைத்தால் தொடுதிரை குழம்பும். தொட்ட இடம் ஒன்று, அது எடுத்துக்கொள்ளும் இடம் வேறொன்று. அந்த வெளிச்சத்தில் வெளிர்சாம்பல் எழுத்து கண்ணுக்கே தெரியாது. இந்த மனிதர், இந்த வெயில், இந்த விரல் என்று பார்த்து முடிவெடுக்கப் பழகியவர் டிசைனர். இதுவரை அவர் எடுத்த முடிவு செயலியாக மாறுவதற்கு இன்னொருவரின் நேரமும் சம்பளமும் தேவைப்பட்டன.

ஏஐ கருவிக்கு அந்த வெயில் தெரியாது. உப்பளத் தொழிலாளர்களுக்கு ஒரு செயலி செய் என்று மட்டும் சொன்னால் அது உலகத்தின் சராசரியைத்தான் எடுத்துக் கொடுக்கும். ஊதாநிறச் சாய்வுப் பின்னணி, மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்கும் முதல் திரை, வரைபடங்கள் நிறைந்த ஒரு டாஷ்போர்டு, விலை என்றால் டாலர் குறி. தமிழ் என்று வந்தால் இன்னும் நுட்பமான கோளாறுகள் தலைகாட்டும். பெயரின் முதல் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் போட்டுக் காட்டும் வழக்கம் எல்லாச் செயலியிலும் உண்டு. வழக்கமான நிரல் யூனிகோடில் முதல் குறியை மட்டும் வெட்டி எடுக்கும். ‘கொளஞ்சி’ என்ற பெயருக்கு ‘கொ’ வராது, ‘க’ வந்து நிற்கும். மாதக் கடைசியில் கூலிக் கணக்கை பிடிஎஃப் ஆக இறக்கித் தரச் சொன்னால், ஏஐ பெரும்பாலும் எடுத்துப்போடும் எளிய நூலகங்களுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. ‘பெயர்’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு பகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். திரையில் சரியாகத் தெரிந்த தமிழ், தாளில் உடைந்து வரும். இதில் எதுவும் திருத்த முடியாத பிழை கிடையாது. சுட்டிக்காட்டினால் ஏஐயே திருத்திக் கொடுக்கும். சுட்டிக்காட்ட, தமிழ் படிக்கிற கண் ஒன்று ஒவ்வொரு திரையையும் ஒவ்வொரு தாளையும் பார்த்திருக்க வேண்டும். ஆங்கிலத்திலேயே சோதித்துவிட்டு மொழிபெயர்ப்பைக் கடைசியில் ஒட்டுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. செய்ய நினைப்பது கூலிக் கணக்குச் செயலி என்று வைத்துக்கொள்வோம். யார், எந்த நாள், எத்தனை மூட்டை, எவ்வளவு முன்பணம், அவ்வளவுதான். ஏஐக்கு இது மிக எளிது. உப்பளத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால், இணையம் இல்லாதபோதும் பதிய வேண்டும், கிடைத்ததும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள். அதையும் செய்துவிடும். இப்போது ஒரே நாளுக்கு மேஸ்திரியின் போனில் 38 மூட்டை, தொழிலாளியின் போனில் 42 மூட்டை என்று பதிவாகிறது. இரண்டும் இணையத்துக்கு வந்து சேரும்போது எது நிற்கும்? ஏஐயிடம் எதுவும் சொல்லாமல் விட்டால், கடைசியாக வந்தது முந்தையதை அழித்துவிடும்படிதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். நிரலுலகில் அது சாதாரணமான, எல்லோரும் கையாளும் முறை. உப்பளத்தில் அதற்கு அர்த்தம், நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில் கடைசியாக நிற்பவர் சொன்னதே கூலி என்பது. பாத்தியில் நிற்பவரைவிட சாலையோரம் நிற்பவருக்குத்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். ஒரு வரி நிரல், யாருடைய கணக்கு செல்லும் என்பதைச் சத்தமில்லாமல் தீர்மானித்துவிடுகிறது.

இரண்டு எண்ணையும் அழிக்காமல் வைத்து, வித்தியாசம் இருக்கிறது என்று இருவருக்கும் காட்டி, இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே கணக்கை முடிப்பது என்று இன்னொரு வழி உண்டு. அதையும் ஏஐ எழுதித் தரும், ஆனால் யாராவது கேட்க வேண்டும். கேட்பதற்கு நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூலித் தகராறு எங்கே தொடங்குகிறது, யார் நோட்டில் எழுதுகிறார், யார் வாய்க்கணக்காக வைத்திருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். கோடிங் தெரியாததால் ஒரு டிசைனருக்கு வரும் ஆபத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இந்த விஷயங்கள் தெரியாத, கோடிங் நன்றாகத் தெரிந்த ஒருவரால் வரும் ஆபத்து அதற்குக் குறைந்ததில்லை. பிழையே இல்லாத நிரல் அநியாயமான கணக்கைப் பிசகில்லாமல் போட்டுக்கொண்டே இருக்கும்.

சின்ன அளவில், ஊரோடு ஒட்டிச் செய்த தொழில்நுட்பம் என்ன சாதிக்கும் என்பதற்கு இதே கடற்கரையில் சான்று இருக்கிறது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. மீனவ ஊரான வீராம்பட்டினத்தில், வங்கக் கடலின் அலை உயரத்தையும் காற்றையும் காட்டும் அமெரிக்கக் கடற்படை இணையதளத்தின் வரைபடத்தை இறக்கி, அதில் உள்ளதை ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். கடலுக்குப் போகிறவர்கள் காதில் விழ வேண்டியது விழுந்தது. கேட்பவர்களுக்கு எழுத்தறிவோ கணினியோ தேவைப்படவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைபேசியில் சொன்னார். மையத்தின் ஒலிபெருக்கி வழியே எச்சரிக்கை ஒலித்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அலை வருமுன் வெளியேறினார்கள். அங்கே கருவி மிகச் சாதாரணமானது. யாருக்கு, எந்த வழியில், எந்தச் சொல்லில் சொன்னால் உடனே போய்ச் சேரும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்ததுதான் அந்த ஊரைக் காப்பாற்றியது. அதே நிறுவனம் பிறகு குவால்காம் ஆதரவோடும், ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் கடல் தகவல் மையம் தரும் கடல்நிலைத் தகவலோடும் ‘ஃபிஷர் ஃபிரண்ட்’ செயலியைக் கொண்டுவந்தது. பெரிய நிறுவனங்கள் கைகோத்து, நிதி திரட்டி, பல ஆண்டு உழைத்தால்தான் மீனவருக்கு ஒரு செயலி வரும் என்ற நிலை அப்போது. ஒரு மாநிலத்து மீனவருக்கே அவ்வளவு ஏற்பாடு வேண்டியிருந்தது என்றால், ஒரு ஊரின் உப்பளத்துக்கு யார் வருவார்? அந்த ஏற்பாட்டில் நிரல் எழுதும் பகுதியின் செலவு இன்று ஏறக்குறைய இல்லாமல் போயிருக்கிறது. ஊரை அறியும் பகுதியின் செலவு அப்படியே இருக்கிறது.

இனி எதிர்வாதங்கள். கோடிங் இல்லாமலே செயலி என்ற வாக்குறுதி புதிதில்லை என்பார்கள். உண்மைதான். 1959இல் கோபால் (COBOL) நிரல்மொழியை வடிவமைத்தபோதே, வணிகத்துறையினர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழி என்று பேசினார்கள். 1987இல் ஆப்பிள் ஹைப்பர்கார்டைக் கொடுத்தது, 1991இல் மைக்ரோசாஃப்ட் விஷுவல் பேசிக்கைக் கொடுத்தது. நம் ஊர் ஜோஹோவின் கிரியேட்டர் 2006இல் வந்தது. இத்தனைக்குப் பிறகும் நிரலாளர்கள் எண்ணிக்கை கூடித்தான் இருக்கிறது, ஆகவே இதுவும் ஒரு அலை, வந்து போகும் என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்தப் பட்டியலில் 1979இல் வந்த விசிகால்க் விரிதாளைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். விரிதாள் என்பது கோடிங் தெரியாதவர்கள் கையில் நிரலாக்கத்தைக் கொடுத்த கருவிதான். அது வென்றது, உலகம் முழுக்க வென்றது. நிரலாளரை ஒழிக்கவில்லை, நிரலாளர் ஒருபோதும் வந்திருக்க மாட்டாத மளிகைக் கடைக்கும் பள்ளிக்கூட அலுவலகத்துக்கும் கணினியைக் கொண்டுபோனது. ஏஐ கருவியையும் நான் அந்த வரிசையில்தான் வைக்கிறேன். நிறுவனத்தின் டெவலப்பரை அனுப்பிவிட்டு டிசைனரை உட்கார வைக்க நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, யாரும் வராத இடத்துக்குப் போவது பற்றித்தான் பேசுகிறேன்.

பாதுகாப்பு பற்றிய எதிர்வாதம் இதைவிடக் கனமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2025இல் ஓர் ஆய்வாளர் லவபிளில் செய்யப்பட்ட 1,645 செயலிகளைச் சோதித்ததில், 170இல் பயனர்களின் தகவலை வெளியாள் யாரும் எடுத்துவிடலாம் என்ற நிலை இருந்தது. காரணம் ஒன்றுதான். தரவுத்தளத்தில் எந்த வரியை யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு சரியாக அமைக்கப்படவில்லை. திரை அழகாக இருந்தது, எல்லாம் வேலை செய்தது, செய்தவருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. அதே ஆண்டு வெராகோட் நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட ஏஐ மாதிரிகள் எழுதிய நிரலைச் சோதித்து, 45 சதவீதத்தில் பாதுகாப்புக் குறை இருப்பதாகச் சொன்னது. ஜூலை மாதம் அமெரிக்காவில் ஜேசன் லெம்கின் ரெப்ளிட்டின் ஏஜென்ட்டை வைத்து ஒரு செயலி செய்துகொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று சொல்லி வைத்திருந்தும் அது தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. ரெப்ளிட்டின் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மென்பொருளில் பழம் தின்று கொட்டை போட்ட லெம்கினுக்கே அப்படி என்றால், முதல் செயலி செய்யும் டிசைனருக்கு?

இதனால்தான் அளவு என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். திருட எதுவும் இல்லாத இடத்தில் பூட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் சேதம் சிறிது. ஆதார் எண் வேண்டாம், வங்கிக் கணக்கு வேண்டாம், புகைப்படம் வேண்டாம், இருப்பிடம் வேண்டாம். முழுப்பெயர்கூட வேண்டாம்; தங்களுக்குள் அழைத்துக்கொள்ளும் பெயரும் நான்கு இலக்க எண்ணும் போதும். முடிந்தால் கணக்கு அவரவர் போனிலேயே இருக்கட்டும், மையமாக ஒரு தரவுத்தளமே இல்லாமல் இருக்கட்டும். ஏஐ தானாக இந்தப் பக்கம் வராது. அது எழுதும் பதிவுத் திரையில் ஏழெட்டுப் பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றையும் எதற்கு என்று கேட்டு நீக்குவது டிசைனரின் கடமை. சட்டமும் இதையே கேட்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் தகவலை விட்டுவிடுகிறது. ஊராருக்காகத் தகவல் திரட்டினால் அதற்குள் வந்துவிடுவோம். போதிய பாதுகாப்பு இல்லாமல் தகவல் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நான் செய்தது நல்லெண்ணத்தில், நிரலை எழுதியது ஏஐ என்று சொல்லித் தப்ப அந்தச் சட்டத்தில் இடமில்லை. இருக்கவும் கூடாது.

அனுபவமுள்ள நிரலாளர்களையே ஏஐ மெதுவாக்குகிறது என்ற ஆய்வையும் சிலர் எடுத்துக் காட்டுகிறார்கள். மெட்ர் என்ற அமைப்பு 2025இல் 16 நிரலாளர்களை வைத்து அதைச் செய்தது. ஏஐயைப் பயன்படுத்தியபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ வேகமாக முடித்ததாகவே நம்பினார்கள். முக்கியமான ஆய்வுதான். ஆனால் அது பல ஆண்டுகளாக வளர்ந்த பெரிய நிரல்தொகுப்புகளில், அதை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்களை வைத்துச் செய்தது. நான்கு திரை உள்ள கூலிக் கணக்குக்கு அது பொருந்தாது. அந்த ஆய்விலிருந்து டிசைனர் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: வேலை நன்றாகப் போகிறது என்ற உணர்வை நம்பாதே, அளந்து பார்.

எல்லாம் சரி, வாட்ஸ்அப் போதாதா என்பது அடுத்த கேள்வி. பல சமயம் போதும் என்பதே நேர்மையான பதில். நாளை வேலை உண்டா, லாரி எப்போது வரும் என்பதற்கெல்லாம் ஒரு குழுவும் ஒரு குரல் செய்தியும் எந்தச் செயலியையும்விட மேல். டிசைனர் முதலில் பார்க்க வேண்டியது, இப்போதிருக்கும் நோட்டும் வாட்ஸ்அப்பும் எந்த இடத்தில் கைவிடுகின்றன என்பதை. கணக்கு அப்படி ஓர் இடம். குரல் செய்தியில் சொன்ன மூட்டைகளை மாதக் கடைசியில் யாராலும் கூட்டிப் பார்க்க முடியாது. ஒருவர் எத்தனை நாள் உப்பளத்தில் வேலை செய்தார் என்பதற்கு அவர் கையிலேயே ஒரு பதிவு இருந்தால் அதன் மதிப்பு கூலி நாளோடு முடிவதில்லை. நிவாரணமோ கடனோ கேட்டுப் போகும் இடத்தில், நான் உப்பளத் தொழிலாளி என்று காட்ட அது ஒரு துணை.

மழை முன்னறிவிப்பு என்று வந்தால் நான் தயங்குவேன். ஆசை எல்லோருக்கும் அங்கேதான் போகும், ஏனென்றால் உப்பளத்தில் அதற்குத்தான் மதிப்பு அதிகம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50. அந்தப் புயல் பல நாள் மெதுவாக நகர்ந்து, வலுவிழக்கும், வலுப்பெறும் என்று கணிப்புகளை மாற்றிக்கொண்டே இருக்க வைத்தது. வானிலை ஆய்வு மையத்துக்கே கடினமான ஒன்றை, ஒரு மொழி மாதிரியிடம் கேட்டு, தமிழில் ஒரு அழகான வாக்கியமாக உப்பளத்துக்கு அனுப்புவது ஆபத்து. மாதிரி தயங்காமல் பதில் சொல்லும். மழை வருகிறது என்று நம்பி விளையாத உப்பை அவசரமாக வாரினால் நட்டம் பாத்திக்காரருக்கு. வராது என்று நம்பி விட்டுவிட்டுக் கரைந்தாலும் அவருக்கே. செயலியைக் கட்ட ஏஐயைப் பயன்படுத்துவது ஒன்று, செயலிக்குள் ஏஐயை உட்கார வைத்துத் தொழிலாளிக்கு அறிவுரை சொல்லச் சொல்வது முற்றிலும் வேறு. முதலாவதில் தவறு நேர்ந்தால் டிசைனர் பார்த்துத் திருத்தலாம். இரண்டாவதில் தவறு நேரும்போது அவர் பக்கத்தில் இருக்கமாட்டார். முன்னறிவிப்பு வேண்டுமென்றால் வானிலை மையம் சொன்னதை, சொன்ன நேரத்தோடு, ஒரு சொல்லும் மாற்றாமல் காட்டினால் போதும்.

ஏஐ தீர்த்துவைக்காத நடைமுறைச் சிக்கல்கள் வேறு சில உண்டு. தொலைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பலாம் என்று கருவி சர்வசாதாரணமாகச் சொல்லும். இந்தியாவில் நம் பெயரில் அப்படிக் குறுஞ்செய்தி அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் பதிவுசெய்ய வேண்டும். பிளே ஸ்டோரில் வைக்கலாம் என்றால், 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபராகக் கணக்குத் தொடங்கியவர்கள் குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே வெளியிட முடியும். ஐம்பது பேருக்கு இதெல்லாம் அநாவசியம். ஒரு இணைய இணைப்பு, முகப்புத் திரையில் ஒரு குறிப்படம், ஓடிபிக்குப் பதில் அந்த நான்கு இலக்க எண் போதும்.

கடைசியாகப் பராமரிப்பு. என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லா எதிர்வாதங்களையும்விட வலுவானது இதுதான். கார்ப்பதி தன் குறிப்பிலேயே, வார இறுதியில் செய்து தூக்கிப்போடும் சின்ன வேலைகளுக்கு இந்த முறை மோசமில்லை என்ற அளவில்தான் சொன்னார். கூலிக் கணக்கு தூக்கிப்போடும் பொருள் கிடையாது. டிசைனருக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கும், ஏஐ நிறுவனம் கட்டணத்தை உயர்த்தும், அல்லது மூடிவிட்டுப் போகும். ஹைப்பர்கார்டை ஆப்பிள் 2004இல் விற்பதை நிறுத்தியபோது, அதில் பாடங்களும் பட்டியல்களும் செய்து வைத்திருந்த ஆசிரியர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் போக இடமில்லாமல் போனது. எந்தக் கருவியும் இருக்கும் என்று நம்பிக் கட்டக் கூடாது. இந்தச் சிக்கலுக்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை, ஆனால் சேதத்தைக் குறைக்க வழி இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் கணக்கைத் தன் போனில் விரிதாளாக எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முதல் நாளிலிருந்தே ஒரு பொத்தான் இருக்க வேண்டும். உப்பளத்தில் ஆண்டுதோறும் மூன்று மாத ஓய்வு இயல்பாகவே இருக்கிறது. பருவம் முடியும்போது கணக்கை மூடி, தாளில் அச்சிட்டு அவரவர் கையில் கொடுத்து, செயலியை நிறுத்திவிடலாம். மழை மாதங்களில் திருத்த வேண்டியதைத் திருத்தலாம், நிரல் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லலாம். அடுத்த ஜனவரியில் பாத்தி திருத்தும்போது அந்த ஐம்பது பேரிடமும் கேட்டு, இன்னும் வேண்டும் என்றால் மட்டும் புதிய கணக்கு தொடங்கலாம். வேண்டாம் என்றால் அவர்கள் நோட்டுக்குத் திரும்பிப் போவார்கள், போன பருவத்துக் கணக்கு தாளாக அவர்கள் வீட்டில் இருக்கும்.